பாமினியை மறிக்க மூன்று வாசல்: கிட், மெர்க்கூரியல், சப்வெர்ஷனைத் திறந்து பார்ப்போம்

வெள்ளவத்தையில் ஒரு சின்ன அலுவலகத்தில் மும்மொழிச் செயலிகள் செய்கிறோம். ஒவ்வொரு செயலிக்கும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிக் கோப்புகள். ஒருமுறை வாடிக்கையாளருக்குப் போன பதிப்பில், "தமிழ்" என்று இருக்கவேண்டிய பொத்தானில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. இங்கே தட்டச்சு செய்து பழகிய யாருக்கும் பார்த்ததுமே விளங்கிவிடும்: பாமினி எழுத்துருவில் தட்டியதை யாரோ அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ், எழுத்துரு போனால் கிறுக்கல். ஒட்டியது நான்தான். வந்த கோப்பைத் திறந்து பார்க்காமலே கொமிட் பண்ணி, களஞ்சியத்தில் பதிந்துவிட்டேன்.

"இதை மெசின் பிடிக்கவேணும் தம்பி. ஒவ்வொரு முறையும் ஆள் பார்த்துப் பிடிக்கேலாது," என்றார் எங்கள் அலுவலகத்து அண்ணா. சரி, ஒரு காவல் வைப்போம் என்று கிட்டில் இடம் தேடினேன். கிட், மெர்க்கூரியல், சப்வெர்ஷன் மூன்றும் கோப்புகளின் மாற்றங்களைப் பதிப்புப் பதிப்பாகச் சேமித்துவைக்கும் முறைமைகள். ஒரு பழைய வாடிக்கையாளரின் வேலை இன்னும் சப்வெர்ஷனில் கிடந்ததால் அங்கேயும் வைக்க வேண்டியிருந்தது. மெர்க்கூரியலில் வைத்துப் பார்த்தது வெறும் ஆசைக்கு, வீட்டில் இருந்து. ஒரே காவலை மூன்று இடத்தில் வைத்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. ஒரு முறைமை தன் சரக்கை எப்படி அடுக்குகிறதோ, அதை ஒட்டித்தான் வெளியாளுக்கு வாசலும் திறந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றிலும் முதலில் களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்ப்போம், அப்புறம் வாசலுக்கு வருவோம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மெர்க்கூரியலின் கட்டளை எச்ஜி. பாதரசத்தின் வேதியியல் குறியீடு. உபுண்டுவில் ஆப்ட் இன்ஸ்டால் போட்டு மூன்றையும் ஒரே வரியில் நிறுவலாம்.

முதலில் காவலாளியை எழுதுங்கள்

மூன்று இடத்துக்கும் பொதுவாக ஒரு சின்ன பைதான் நிரல் போதும். யுனிகோட்டில் தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையான 128 இடங்கள். நிரல் ஸ்டாண்டர்ட் இன்புட்டில் வரும் ஜேசனை (சாவி, பெறுமதி என்று சோடி சோடியாக எழுதிய மொழிக் கோப்பை) படிக்கிறது. ஒவ்வொரு பெறுமதியிலும் அந்தப் பகுதியைச் சேர்ந்த எழுத்து ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லாவிட்டால் அந்தச் சாவியின் பெயரை ஸ்டாண்டர்ட் எரரில் எழுதிவிட்டு 1 என்ற குறியோடு வெளியேறுகிறது. எல்லாம் சரியென்றால் 0. இணைய முகவரி, தொலைபேசி இலக்கம் போன்ற சாவிகளுக்கு ஒரு விலக்குப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பாதி யுனிகோட், பாதி பாமினி என்று கலந்து வந்தால் இது ஏமாந்துவிடும். தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

நிரல் கோப்பின் பெயரை வாங்காமல் உள்ளடக்கத்தை மட்டும் வாங்குகிறது என்பதைக் கவனியுங்கள். ஏன் என்று கிட்டுக்குப் போனால் தெரியும்.

கிட்: களஞ்சியம் திறந்தே கிடக்கிறது

வெற்றுக் கோப்புறை ஒன்றில் கிட் இனிட் போடுங்கள். டச் கட்டளையால் ஒன்றுமே எழுதாத ஒரு கோப்பை உண்டாக்கி, கிட் அட் செய்யுங்கள். இப்போது புள்ளி-கிட் என்ற மறைந்த கோப்புறைக்குள் ஒப்ஜெக்ட்ஸ் என்பதைத் திறந்து பாருங்கள். உள்ளே "இ6" என்று ஒரு கோப்புறை, அதற்குள் "9டிஇ29" என்று தொடங்கும் 38 எழுத்து நீளமான பெயரில் ஒரு கோப்பு. இரண்டையும் சேர்த்தால் 40 எழுத்து. அதுதான் அந்தக் கோப்பின் ஹாஷ், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்.

உங்கள் கணினியிலும் இதே இ69டிஇ29 தான் வந்திருக்கும். யாழ்ப்பாணத்திலோ டொரொன்டோவிலோ இருந்து செய்தாலும் இதே எண்தான். (வேறாக வந்தால் உங்கள் ரெப்போ, அதாவது களஞ்சியம், ஷா-256 முறையில் தொடங்கியிருக்கிறது; நான் சொல்வது ஷா-1 கணக்கு.) கிட் செய்வது இவ்வளவுதான்: "ப்லொப்" என்ற சொல், ஓர் இடைவெளி, உள்ளடக்கத்தின் நீளம், ஒரு பூச்சிய பைட், பிறகு உள்ளடக்கம். இதைக் கோத்து ஷா-1 கணக்குக்குக் கொடுக்கிறது. கோப்பின் பெயர் இந்தக் கணக்கில் இல்லை, தேதியும் இல்லை, ஆளும் இல்லை. வெறுமையான கோப்பு உலகம் முழுக்க ஒன்றுதான்.

பெயர்கள் "ட்ரீ" என்ற இன்னொரு பொருளில் இருக்கின்றன. எந்த ட்ரீ, யார், எப்போது, முந்தைய கொமிட் எது என்பதெல்லாம் கொமிட் பொருளில். ஒரு கொமிட் செய்துவிட்டு கிட் கட்-ஃபைல், சிறு கோடு, பி என்று தட்டி, அந்தக் கொமிட்டின் ஹாஷில் முதல் ஏழு எழுத்தைக் கொடுங்கள். உள்ளே இருப்பதை வாசிக்கத்தக்க வடிவில் காட்டும். அங்கே வரும் ட்ரீயின் ஹாஷை மறுபடி அதே கட்டளைக்குக் கொடுங்கள். இப்படியே இறங்கிக்கொண்டு போனால் உங்கள் கோப்பு வரை போகலாம். ஒரு பத்து நிமிடம் இதைச் செய்தால், கிட் பற்றி மனப்பாடம் செய்தவற்றில் பாதி தேவையில்லாமல் போய்விடும்.

பிராஞ்ச் (கொமிட்களின் தனிக் கிளை) என்று நாம் பயந்து பயந்து தொடுவது என்ன தெரியுமா? வழக்கமான அமைப்பில் ரெஃப்ஸ், ஹெட்ஸ் என்ற கோப்புறைகளுக்குள் இருக்கும் ஒரு சின்ன உரைக்கோப்பு. ஒரு ஹாஷ், ஒரு வரி முடிவு; ஆக 41 பைட். பிராஞ்சை அழித்தால் அந்த 41 பைட்தான் போகிறது, கொமிட்கள் அங்கேயேதான் கிடக்கும். முன்பு நின்ற கொமிட்களின் பதிவேடான கிட் ரெஃப்லொக்கில் தேடி எடுத்துவிடலாம். எங்கிருந்தும் எட்டமுடியாமல் போன கொமிட்டுக்கான ரெஃப்லொக் வரி மாற்றாத அமைப்பில் 30 நாள் இருக்கும். ஒரு பிராஞ்சை அழித்துவிட்டு முகம் வெளிறி நின்ற புதுப் பெடியனுக்கு நான் முதலில் காட்டியது இதைத்தான்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது? லினக்ஸ் கேர்னலுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த பிட்கீப்பர் என்ற இதேவகை மென்பொருளின் உரிமம் 2005 இல் நின்றுபோக, லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரல் மாதத்திலேயே கிட்டை எழுதத் தொடங்கினார். ஜூனில் வந்த கேர்னல் 2.6.12 கிட்டிலிருந்துதான் வெளியானது. அந்த அவசரத்தில் முழுமையான ஒரு மென்பொருளுக்கு நேரமில்லை. சேமிப்பு வடிவத்தை எளிமையாக வைத்து, அதைத் தொடுகிற சின்னச் சின்ன நிரல்களாக எழுதினார்கள். கிட் உலகில் உள்வேலைக் கட்டளைகளை ப்ளம்பிங் என்றும், நாம் அன்றாடம் தட்டுபவற்றை போர்சலின் என்றும் சொல்வார்கள். குழாயும் பீங்கான் தொட்டியும். குளியலறை உவமைதான்.

கிட்டின் வாசல்கள்

சரக்கு திறந்து கிடப்பதால் கிட்டை நீட்டுபவர்கள் பெரும்பாலும் வெளியே நின்றே வேலை செய்கிறார்கள். முதலாவது, மிக எளியது: "கிட்-தமிழ்" என்று பெயர் வைத்து ஒரு நிரலை எழுதி, இயக்க அனுமதி கொடுத்து, கணினி கட்டளைகளைத் தேடும் பாத் பட்டியலில் உள்ள ஏதாவது கோப்புறையில் போடுங்கள். அவ்வளவுதான், கிட் தமிழ் என்று தட்டினால் அது ஓடும். எங்கேயும் பதிவு செய்யத் தேவையில்லை, எந்த மொழியிலும் எழுதலாம். எங்களுடையது இன்னும் மொழிபெயர்க்காத சாவிகளைப் பட்டியலிடும் பத்து வரி.

இரண்டாவது, நமக்கு வேண்டியது: ஹூக், அதாவது ஒரு குறித்த வேலை நடக்கும்போது கிட் தானாக ஓட்டும் நிரல். புள்ளி-கிட் கோப்புறைக்குள் ஹூக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் ப்ரீ-கொமிட் என்ற பெயரில், எந்தப் பின்னொட்டும் இல்லாமல், ஒரு ஷெல் நிரலை வையுங்கள். இயக்க அனுமதி கொடுக்க மறந்தால் அது ஓடவே ஓடாது. உள்ளே ஒரே வரி: கிட் ஷோ, இடைவெளி, ஒரு முக்காற்புள்ளி, அதை ஒட்டியே தமிழ்க் கோப்பின் பெயர், அதன் வெளியீட்டைப் பைப் மூலம் நம் காவலாளிக்குக் கொடுக்க வேண்டும். பூச்சியம் அல்லாத குறி வந்தால் கொமிட் நின்றுவிடும்.

அந்த முக்காற்புள்ளியில்தான் எல்லாம் இருக்கிறது. அது "இன்டெக்ஸில் இருக்கும் பதிப்பைக் கொடு" என்று சொல்கிறது. கிட் அட் செய்தவை கொமிட்டுக்குக் காத்திருக்கும் இடம்தான் இன்டெக்ஸ். நான் முதலில் எழுதியபோது வட்டில் உள்ள கோப்பை நேரே திறந்து பார்த்தேன். கிட் அட் செய்தபிறகு பாமினி என்று கண்டு கோப்பைத் திருத்தினேன், மறுபடி அட் செய்யவில்லை. காவலாளி திருத்திய கோப்பைப் பார்த்து "போகலாம்" என்றது. உள்ளே போனதோ பழைய பாமினி. காவலாளி உள்ளடக்கத்தை மட்டும் வாங்கவேண்டும் என்றது இதனால்தான்.

இன்னொரு வலி: ரெப்போவைக் குளோன் செய்து பிரதி எடுக்கும்போது ஹூக்குகள் கூடவே வராது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவரின் ரெப்போவை இறக்கியதும் அவருடைய நிரல் உங்கள் கணினியில் தானாக ஓடினால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே ஹூக்கை ரெப்போவுக்குள் ஒரு சாதாரணக் கோப்புறையில் வைத்து, கிட் கொன்ஃபிக்கில் கோர்.ஹூக்ஸ்பாத் என்பதை அங்கே காட்டுங்கள். பதிப்பு 2.9 இலிருந்து இந்த வசதி உண்டு. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் தன் கணினியில் ஒருதரம் அதைச் செய்ய வேண்டும். அப்படியிருந்தும் நோ-வெரிஃபை போட்டு எவரும் தாண்டிப் போகலாம். கட்டாயம் தடுக்க வேண்டுமென்றால் சேவரில் ப்ரீ-ரிசீவ் ஹூக். கிட்ஹப் டொட் கொம் போன்ற இடங்களில் உங்கள் சொந்த ப்ரீ-ரிசீவ் ஹூக்கை வைக்க விடமாட்டார்கள். அங்கே அதே காவலாளியை சிஐ இல் (மாற்றம் வந்ததும் தானாகச் சோதனை ஓட்டும் சேவையில்) ஓட்டி, அது தேறாவிட்டால் மேர்ஜ் செய்ய முடியாதபடி வையுங்கள். நாங்கள் இப்போது இரண்டையும் வைத்திருக்கிறோம்.

மூன்றாவது வாசல் கிட்அட்ரிபியூட்ஸ். எனக்குப் பிடித்தது இதுதான். பழைய பாமினி ஆவணங்கள் ரெப்போவில் கிடந்தால், அந்தவகைக் கோப்புக்கு டெக்ஸ்ட்கொன்வ் என்று ஒரு மாற்றி நிரலைச் சொல்லிவைக்கலாம். வித்தியாசத்தைப் பார்க்க கிட் டிஃப் போடும்போது பாமினியை யுனிகோட்டாக மாற்றிக் காட்டும். உள்ளே இருக்கும் சரக்கு மாறாது, பார்வை மட்டும் மாறும். பெரிய கோப்புகளுக்கான கிட் எல்எஃப்எஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இந்த மூன்று வாசலையும் சேர்த்துப் பயன்படுத்துவது தெரியும்: கிட்-எல்எஃப்எஸ் என்ற பெயரில் ஒரு நிரல், அட்ரிபியூட்ஸ் வழியாக ஒரு ஃபில்டர், ப்ரீ-புஷ் ஹூக் ஒன்று. கிட்டின் மூலநிரலில் அவர்கள் கைவைக்கவேண்டி வரவில்லை.

மெர்க்கூரியல்: களஞ்சியம் பூட்டு, சமையலறை திறப்பு

மெர்க்கூரியலும் அதே 2005 ஏப்ரலில், அதே பிட்கீப்பர் பிரச்சினையால் பிறந்தது. கிட்டின் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம், குணம்தான் வேறு. எச்ஜி இனிட் செய்து, ஒரு கோப்பைச் சேர்த்து, கொமிட் செய்யுங்கள். புள்ளி-எச்ஜி, ஸ்டோர், டேட்டா என்று இறங்கினால், உங்கள் கோப்பின் பெயரிலேயே, புள்ளி-ஐ என்ற பின்னொட்டோடு ஒன்று இருக்கும். இதை ரெவ்லொக் என்பார்கள். கிட்டில் ஒவ்வொரு பதிப்பும் தனிப் பொருள் (பிறகு பக் செய்து பொருள்களை ஒன்றாகக் கட்டும்போதுதான் வித்தியாசங்களாகச் சுருக்கும்). இங்கே ஒரு கோப்பின் வரலாறு முழுவதும் ஒரே இடத்தில், கடைசியில் ஒட்டி ஒட்டி வளர்கிறது. சங்கிலி நீண்டுபோனால் இடையில் ஒரு முழுப் பிரதியை வைத்துவிட்டு மறுபடி வித்தியாசங்களைத் தொடங்கும். கடைக்காரரின் கணக்குக் கொப்பி மாதிரி. எழுதிய பக்கத்தை அழிப்பதில்லை, அடுத்த வரியில் எழுதுகிறார்.

வடிவமைப்பு இப்படியிருப்பதால் பழக்கமும் அப்படி. எச்ஜி மூவ் செய்தால் பெயர்மாற்றம் பதிவாகிறது. கிட் அதைப் பதிவதே இல்லை. பிறகு உள்ளடக்கத்தை ஒப்பிட்டு, பாதியாவது ஒத்துப்போனால் பெயர்மாற்றம் என்று ஊகிக்கிறது. மெர்க்கூரியலில் பெயரிட்ட பிராஞ்சும் கொமிட்டுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். 41 பைட்டை அழித்துவிட்டுப் போகிற கதை இங்கே நடக்காது.

இந்த ரெவ்லொக்கை வெளியாள் நேரே படிக்க யாரும் ஊக்கப்படுத்துவதில்லை. பதிலாகச் சமையலறைக்குள்ளேயே வரச் சொல்கிறார்கள். மெர்க்கூரியலின் பெரும்பகுதி பைதான். எக்ஸ்டென்ஷன் என்பது ஒரு பைதான் மொட்யூல். எச்ஜிஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் எக்ஸ்டென்ஷன்ஸ் தலைப்பின்கீழ் ஒரு வரி சேர்த்தால் அது மெர்க்கூரியலுக்கு உள்ளேயே ஏறிவிடும். புதுக் கட்டளை சேர்க்கலாம், இருக்கும் கட்டளையைச் சுற்றி உங்கள் ஃபங்ஷனைப் போர்த்தலாம், உள்ஃபங்ஷனையே மாற்றலாம். வரலாற்றை மாற்றும் ரீபேஸ், ஹிஸ்ட்எடிட் எல்லாம்கூட இப்படிக் கூடவே வந்து மூடிக்கிடக்கும் எக்ஸ்டென்ஷன்கள்தான், வேண்டியவர் திறந்துகொள்ளலாம். வரலாற்றை மாற்றுவது ஆபத்தான வேலை, புதியவர் கையில் கத்தியைக் கொடுக்கவேண்டாம் என்ற எண்ணம்.

நம் காவலுக்கு: எச்ஜிஆர்சியில் ஹூக்ஸ் தலைப்பின்கீழ் ப்ரீடிஎக்ஸ்என்கொமிட் என்பதற்கு எதிரே, பைதான் என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, கோப்பின் பாதையும் ஃபங்ஷனின் பெயரும். அந்த ஃபங்ஷனுக்கு ரெப்போவே ஒரு பொருளாகக் கையில் வரும். புதிய கொமிட்டை எடுத்து, அதிலுள்ள தமிழ்க் கோப்பின் தரவை நேரே வாங்கிச் சரிபார்க்கலாம். பைப்பும் வேண்டாம், முக்காற்புள்ளி வித்தையும் வேண்டாம். ஹூக் ஓடும் நேரத்தில் கொமிட் எழுதப்பட்டு, பரிவர்த்தனை மட்டும் முடியாமல் இருக்கும். மறுத்தால் முழுவதும் பின்வாங்கும். ஓர் எச்சரிக்கை: இங்கே ட்ரூ என்று திருப்பினால் தோல்வி என்று பொருள். நான் தலைகீழாக எழுதி, நல்ல கொமிட்களையெல்லாம் ஒரு மாலை முழுக்க மறித்துக்கொண்டிருந்தேன்.

சுகத்துக்கு விலை உண்டு. உள்ஃபங்ஷன்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறாது என்று மெர்க்கூரியல் உறுதி தருவதில்லை. மேம்படுத்தியதும் எக்ஸ்டென்ஷன் உடையலாம். பைதான் 2 இலிருந்து 3 க்கு மாறியபோது சரங்கள் எல்லாம் பைட்டாகி, பழைய எக்ஸ்டென்ஷன்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. மறுபக்கம், ஃபேஸ்புக் தன் பிரமாண்டமான ரெப்போவுக்கு மெர்க்கூரியலை எடுத்து எக்ஸ்டென்ஷன்களால் வளைத்து, கடைசியில் அது சாப்லிங் என்ற தனிக் கருவியாகி 2022 இல் வெளியானது. அவ்வளவு தூரம் வளைக்க உள்ளே நுழையும் வாசல் வேண்டும்.

சப்வெர்ஷன்: வாசல் சேவரில் மட்டும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000 இல் தொடங்கி, 2004 இல் 1.0 வந்தது. எல்லாம் ஒரு சேவரில். உங்களிடம் இருப்பது வேலைப் பிரதி மட்டும். எஸ்விஎன்அட்மின் கிரியேட் போட்டால் கொன்ஃப், டிபி, ஹூக்ஸ், லொக்ஸ் என்று கோப்புறைகள் வரும். டிபிக்குள் ரெவ்ஸ், அதற்குள் 0 என்ற கோப்புறை என்று இறங்கினால் 0, 1, 2 என்று எண்களின் பெயரில் கோப்புகள். முழு ரெப்போவுக்கும் ஒரே எண்வரிசை. "417 இல் இருந்து பழுது" என்று தொலைபேசியில் சொன்னால் எல்லோருக்கும் ஒரே இடம்தான் விளங்கும். கிட்டில் இந்தச் சுகம் இல்லை.

ஹூக்ஸ் கோப்புறையில் மாதிரிகள் கிடக்கும். ப்ரீ-கொமிட் நிரலுக்கு இரண்டு விஷயம் கிடைக்கும்: ரெப்போவின் பாதை, இன்னும் முடியாத பரிவர்த்தனையின் பெயர். எஸ்விஎன்லுக் சேஞ்ச்ட் போட்டு தமிழ்க் கோப்பு மாறியதா பாருங்கள். மாறியிருந்தால் எஸ்விஎன்லுக் கட் வழியாக எடுத்து நம் காவலாளிக்குப் பைப் செய்யுங்கள். ஸ்டாண்டர்ட் எரரில் எழுதியது நேரே கொமிட் செய்தவரின் திரைக்குப் போகும். எங்கள் காவலாளி தமிழிலேயே திட்டும்.

இங்கே ஒருவர் விடாமல் விழும் குழி: சப்வெர்ஷன் ஹூக்குகளை வெற்றுச் சூழலில் ஓட்டுகிறது. பாத் கூட இருக்காது. கையால் ஓட்டினால் வேலை செய்யும், கொமிட்டில் செய்யாது. எல்லாக் கட்டளைக்கும் முழுப்பாதை எழுதுங்கள். இதற்காக அரை நாள் விட்டிருக்கிறேன்.

சேவர் ஒன்றே என்பதால் காவலும் ஒன்றே. நோ-வெரிஃபை கிடையாது, ஒவ்வொருவர் கணினியிலும் நிறுவத் தேவையில்லை. ஆனால் உங்கள் பக்கத்துக் கருவியில் கிட்-தமிழ் மாதிரி ஒரு சொந்தக் கட்டளையைச் சேர்க்க வழி இல்லை. கோப்பைப் பூட்டி வைக்கும் லொக் வசதி மட்டும் இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கும்: போஸ்டர் வடிவமைக்கும் இருவர் ஒரே ஃபோட்டோஷொப் கோப்பைத் திருத்தி மோதாமல் இருக்க இதைவிட நேரான வழி நான் பார்க்கவில்லை.

எதில் தொடங்குவது

கொழும்பில் வேலை தேடுபவர் என்றால் கிட்டில் தொடங்குங்கள், விவாதமே இல்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை மெர்க்கூரியலில் நாற்பது வரி எக்ஸ்டென்ஷன் ஒன்றை எழுதிப் பாருங்கள். கிட் ஏன் உங்களை வாசலில் நிறுத்துகிறது என்பது அங்கிருந்து பார்க்கும்போதுதான் தெரியும். வாசலில் நிறுத்துவதால்தான் சேமிப்பு வடிவம் நிலையாக இருக்கிறது. அந்த நிலையை நம்பித்தான் லிப்கிட்2, ஜேகிட் என்று கிட்டையே மறுபடி எழுதியிருக்கிறார்கள், ஜுஜுட்சு போன்ற புதிய கருவி கிட்டின் களஞ்சியத்தின்மேலேயே ஏறி உட்காருகிறது.

கடைசியாக, கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு

கிட் ஸ்டேட்டஸ் போட்டதும் உங்கள் கோப்பின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 340, 256 என்று சாய்கோடுகளோடு எண்கள் வந்தால் பதறவேண்டாம். யுடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அவற்றை எட்டடிமான எண்ணாகக் காட்டுகிறது. 340 இல்தான் எல்லாம் தொடங்கும். கோர்.கோட்பாத் என்பதை ஃபோல்ஸ் ஆக்குங்கள், தமிழ் தெரியும்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. "கொழும்பு" என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறீர்கள். அதிலுள்ள ஒகர உயிர்க்குறியை யுனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டில் இரண்டு. கிட் பெயரை வெறும் பைட்டாகத்தான் பார்க்கிறது, அதற்கு இவை இரண்டு வெவ்வேறு கோப்பு. மாக்கின் பழைய கோப்புமுறை பெயர்களைத் தானாகப் பிரித்து வைக்கும் என்பதால், ஒருவர் மாக்கிலும் ஒருவர் உபுண்டுவிலும் இருந்தால் ஒரே "கொழும்பு" இரண்டு தடவை வந்து நிற்கலாம். மாக்கில் இருப்பவர் கோர்.ப்ரீகொம்போஸ்யுனிகோட் ட்ரூவாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். அதோடு காவலாளிக்குப் பக்கத்தில், பெயரை வாங்கும் இன்னொரு சின்ன நிரலும் வைத்து, கோப்புப் பெயர் சேர்ந்த வடிவில்தான் இருக்கிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். பைதானில் யுனிகோட்டேட்டா மொட்யூலின் நோர்மலைஸ் ஃபங்ஷனுக்கு என்எஃப்சி என்று கொடுத்து, வந்ததைப் பழையதோடு ஒப்பிட்டால் போதும்.